அடுக்கி வைப்பவளும் கலைத்துப் போடுபவளும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் வேறு ஏதோ கேள்விக்குப் பதில் எழுதும்போது, "எனக்கு ஆட்டிசமும் உண்டு, ஏடிஹெச்டியும் உண்டு" என்று போகிறபோக்கில் ஒரு வரி சேர்த்துவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள், இந்தப் பகுதிக்கு ஆறு மாதத்தில் வருவதைவிட அதிகம். சரி, இந்தத் தடவை முழுக்க அதுதான். புதிதாகப் படிப்பவர்களுக்கு: ஆட்டிசம் என்றால் மற்றவர்களோடு பழகுவதிலும் சத்தம், தொடுதல் போன்றவற்றை உணர்வதிலும் மூளை வேறு விதமாக இயங்குவது. ஏடிஹெச்டி என்றால் கவனம் ஓரிடத்தில் நிற்காமல் துறுதுறுப்பாக இருப்பது. எனக்கு 44 வயது. திருச்சியில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். வீட்டில் கணவர், மாமியார், கல்லூரிக்குப் போகும் மகள். ஏடிஹெச்டி என்று 38 வயதில் தெரிந்தது, ஆட்டிசம் என்று 39 வயதில். நான் மருத்துவர் இல்லை. மாத்திரை எத்தனை மில்லிகிராம் என்று கேட்டவர்கள் மன்னிக்கவும்.

*"ஆட்டிசம் என்றால் எல்லாம் ஒரே ஒழுங்கில் இருக்க வேண்டும் என்கிறார்கள். ஏடிஹெச்டி என்றால் எதிலும் ஒழுங்கு நிற்காது என்கிறார்கள். நேர்மாறான இரண்டும் ஒரே ஆளுக்கு எப்படி இருக்க முடியும்?"*
– வாசகி, சிவகாசி

உங்களுக்கு வந்த சந்தேகம் மருத்துவர்களுக்கும் வெகுகாலம் இருந்தது. மனநல மருத்துவர்கள் உலகம் முழுக்கப் புரட்டும் அமெரிக்கக் கையேடு ஒன்று உண்டு, டிஎஸ்எம் என்பார்கள். ஒருவருக்கு ஆட்டிசம் என்று எழுதிவிட்டால் ஏடிஹெச்டி என்றும் சேர்த்து எழுதக் கூடாது என்று அதன் 1994 பதிப்பு சொன்னது. 2013 மே மாதம் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் அந்தத் தடையை எடுத்தார்கள். இப்போது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய பத்தில் நான்கு பேருக்கு ஏடிஹெச்டியும் இருக்கிறது என்கிறார்கள். எண் ஆய்வுக்கு ஆய்வு கூடும், குறையும். அபூர்வம் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

ஒரே ஆளுக்குள் எப்படி இருக்கும் என்று கேட்டீர்கள். எங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியைச் சொல்கிறேன். நடுக்கிண்ணம் கடுகுக்கு. சுற்றிலும் உளுத்தம்பருப்பு, சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், இந்த வரிசையில். மாமியார் சீரகத்தையும் வெந்தயத்தையும் இடம் மாற்றி வைத்துவிட்டால் எனக்குத் தாளிக்க வராது. எண்ணெய் புகைந்துகொண்டிருக்கும், கை அந்தரத்தில் நிற்கும். அதே நான்தான், வரிசை சரியாக இருக்கும் நாளில், எண்ணெயில் கடுகைப் போட்டுவிட்டு மொட்டை மாடியில் காயும் துணி ஞாபகம் வந்து மேலே ஏறிவிடுவேன். அங்கே கொடியில் மாட்டிய கிளிப்புகள் நிறம் கலந்து கிடக்கும். நீலத்தை நீலத்தோடு, பச்சையைப் பச்சையோடு என்று மாற்றிக்கொண்டிருப்பேன். கீழே கடுகு கருகும்.

அச்சகத்திலும் இதே கதைதான். போன வருடம் நானூறு பக்க நாவல் ஒன்று வந்தது. 212ஆம் பக்கத்தில் ஒரு "க்" விட்டுப் போயிருந்ததைப் புரட்டும்போதே பிடித்துவிட்டேன். ஒற்றுப் பிழை எனக்குச் செருப்புக்குள் சரளைக்கல் மாதிரி, எடுக்காமல் நகர முடியாது. நான்கு நாளில் முழுப் புத்தகமும் முடிந்தது. உறையில் போட்டு ஒட்டி, முகவரியும் எழுதி, வெளியே போகும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று கதவோரம் வைத்தேன். ஒன்பது நாள் அது அங்கேயே இருந்தது. தினமும் தாண்டித்தான் போனேன். இரண்டாம் நாளுக்குப் பிறகு அது என் கண்ணுக்குச் சுவரின் ஒரு பகுதியாகிவிட்டது.

ஒன்று அடுக்குகிறது, ஒன்று கலைக்கிறது, இரண்டும் சேர்ந்தால் நடுவாக வந்து நிற்கும்தானே என்று என் தம்பி கேட்டான். அப்படி நிற்பதில்லை. ஒன்று இன்னொன்றை மறைக்கிறது, அவ்வளவுதான். பள்ளியில் நான் ஓயாமல் பேசுவேன், அதனால் யாருக்கும் ஆட்டிசம் தோன்றவில்லை. நோட்டில் ஓரக்கோடு போட்டு முத்து முத்தாக எழுதுவேன், அதனால் யாருக்கும் ஏடிஹெச்டி தோன்றவில்லை. "கெட்டிக்காரி, ஆனால் திமிர்" என்பதுதான் எனக்குக் கிடைத்த முதல் நோயறிதல். கொடுத்தது என் அத்தை.

*"ஆட்டிசம் உள்ளவர்கள் எல்லாரும் மேதைகள் என்கிறார்களே, உண்மையா?"*
– வாசகர், விருதுநகர்

இன்று காலை வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜில் தோசை மாவுக்குப் பக்கத்தில் கண்டெடுத்தேன்.

*"என் மகனுக்கு 8 வயது. இரண்டும் இருப்பதாகச் சொல்லி மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை எழுதியிருக்கிறார்கள். மூன்று கடை ஏறி இறங்கிவிட்டேன், இல்லை என்கிறார்கள். ஒரு கடையில் என்னைப் போதை மருந்து வாங்க வந்தவள்போல் மேலும் கீழும் பார்த்தார்கள். கொடுக்கவே பயமாக இருக்கிறது."*
– ஒரு தாய், நாமக்கல்

கடைக்காரர் பார்வையை முதலில் முடித்துவிடுவோம். நம் மருந்து விதிகளில் எக்ஸ் அட்டவணை என்று ஒன்று உண்டு. இந்த மாத்திரை அதில் வருகிறது. அந்த வகை மருந்தை விற்கத் தனி உரிமம் வேண்டும், அதனால் பல கடைகள் வைத்துக்கொள்வதில்லை. மருத்துவர் சீட்டை இரண்டு பிரதியாக எழுத வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் வாங்கி இரண்டு வருடம் பத்திரப்படுத்த வேண்டும். தவறாகப் பயன்படுத்த வாய்ப்புள்ள மருந்து என்பதால் இத்தனை கட்டுப்பாடு. உங்கள் மகன்மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. எந்தக் கடையில் கிடைக்கும் என்று எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே கேளுங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும்.

கொடுக்கலாமா என்பதை நான் சொல்லக் கூடாது. ஆனால் மருத்துவரிடம் பேசும்போது கையில் இருக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இந்த மருந்து கவனத்துக்கும் துறுதுறுப்புக்கும்தான், ஆட்டிசத்துக்கு இல்லை. ஆட்டிசமும் சேர்ந்திருக்கும் குழந்தைகளிடம் இது வேலை செய்யும் விதம் கொஞ்சம் வேறு. 2005ல் அமெரிக்காவில் 72 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பலன் தெரிந்தது. 18 சதவீதம் பேர் பக்கவிளைவு தாங்காமல் நிறுத்தினார்கள். ஏடிஹெச்டி மட்டும் உள்ள குழந்தைகளுக்குப் பலன் இதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். ஆகவே குறைந்த அளவில் ஆரம்பித்து மெதுவாகக் கூட்டுவதுதான் வழக்கம். ஒத்துக்கொள்ளாவிட்டால் அட்டோமாக்ஸிட்டின் மாதிரி வேறு வகையும் இருக்கிறது, அது பலன் காட்டச் சில வாரம் ஆகும். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, சாப்பிட்டானா, எத்தனை மணிக்குத் தூங்கினான், மாலையில் சிடுசிடுப்பு வந்ததா என்று தினம் மூன்று வரி எழுதுங்கள். மருத்துவர் அறையில் ஐந்து நிமிடத்துக்குள் எல்லாவற்றையும் ஞாபகப்படுத்திச் சொல்ல யாராலும் முடியாது.

என் அனுபவம் ஒன்று. முதல் மாத்திரை போட்ட அன்று அச்சகத்தில் ஒரு படிவத்தை, அதாவது சேர்ந்து அச்சாகும் பக்கக் கட்டு ஒன்றை, ஒரே மூச்சில், எழுந்திருக்காமல் படித்து முடித்தேன். அழுகை வந்துவிட்டது. கூடவே இன்னொன்றும் வந்தது: மேலே மின்விசிறி போடும் கிரீச். பதினோரு வருடமாக அதே நாற்காலி, அதே மின்விசிறி. அதுவரை என் புத்தி ஆயிரம் இடத்துக்குப் போய்க்கொண்டிருந்ததால் அந்தச் சத்தம் நூற்றில் ஒன்றாக ஓடியிருக்கிறது. மற்றது அடங்கியதும் அது மட்டும் நடு மண்டையில் உட்கார்ந்துகொண்டது. மருத்துவரிடம் சொன்னபோது, அடுக்கி வைப்பவள் இப்போது வெளியே தெரிகிறாள் என்றார். இந்தப் பத்தியின் தலைப்பு அங்கிருந்து வந்ததுதான். உங்கள் மகன் மாத்திரை ஆரம்பித்த பிறகு சத்தத்துக்கோ சட்டைக் காலர் உறுத்தலுக்கோ அதிகமாகக் கோபப்பட்டால், மருந்து கெடுத்துவிட்டது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். அதையும் நோட்டில் எழுதிக் காட்டுங்கள்.

*"மறதிக்கு வீட்டில் என்னதான் செய்கிறீர்கள்? எல்லாரும் அலாரம் வை என்கிறார்கள். எனக்கு அலாரச் சத்தமே ஆகாது."*
– வாசகி, பொள்ளாச்சி

கை கொடுங்கள். இதைப் புரியவைக்கத்தான் நான் வருடக்கணக்காகப் பாடுபடுகிறேன். பால் பொங்கி வழியாத நாளே இல்லை என்று மாமியார் பால் குக்கர் வாங்கித் தந்தார். அது விசிலடித்தால் எனக்குக் காதுக்குள் ஆணி இறங்கும். விசில் வரப்போகிறதே என்ற பயத்தில் அடுப்படிக்கே போக மாட்டேன். விசில் இல்லாத பாத்திரம் என்றால் பாலையே மறந்துவிடுவேன். இரண்டுக்கும் நடுவில் கண்டுபிடித்தது இது: ஃபோனில் சத்தத்தை அணைத்து அதிர்வு மட்டும் வைத்து, இடுப்பில் செருகிக்கொள்வது. நான்கு நிமிடத்தில் இடுப்பு உதறும். ஃபோனை மேசையில் வைத்தால் வேலைக்கு ஆகாது.

சாவிக்கு என் பாட்டியின் வழி. அவள் சாவிக்கொத்தை இடுப்பில் செருகித்தான் இருப்பாள், தூங்கும்போதுகூட. கிண்டல் செய்திருக்கிறேன். இப்போது நான் செருகிக்கொள்கிறேன், ஃப்ரிட்ஜ் சம்பவம் செருக மறந்த நாளில் நடந்தது. டப்பாக்கள் எல்லாம் கண்ணாடி போல உள்ளே தெரிகிறவை. எவர்சில்வர் தூக்குக்குள் போனது எனக்கு உலகத்திலேயே இல்லாத பொருள். ஒரு தடவை ரவை இல்லை என்று நினைத்து மூன்று கிலோ ரவை சேர்த்துவிட்டோம்.

அலாரத்துக்கு அடுத்து எல்லாரும் சொல்வது அட்டவணை. போடுவதில் எனக்கு அலாதி இன்பம். மூன்று நிறப் பேனாவில், அளவுகோல் வைத்து, அரை நாள் செலவழித்துப் போடுவேன். ஐந்தாம் நாள் அதைப் பார்த்தாலே குமட்டும். அதனால் இப்போது அட்டவணையில் நேரம் எழுதுவதில்லை, வரிசை மட்டும்தான். எழுந்ததும் மாத்திரை, மாத்திரைக்குப் பிறகு காபி, காபிக்குப் பிறகு குளியல். எத்தனை மணி என்பது அந்தந்த நாளின் பாடு. வரிசை இருப்பதால் ஒருத்திக்கு நிம்மதி, மணி இல்லாததால் இன்னொருத்திக்கு மூச்சு. சாப்பாட்டிலும் அப்படி ஒரு சமரசம். நான்கு மாதம் தினமும் மதியம் எலுமிச்சை சாதம் மட்டும் கொண்டுபோவேன், திடீரென்று ஒரு நாள் வாசனையே பிடிக்காமல் போகும். அப்படிப்பட்ட நாளுக்காக அலுவலக மேசையில் பொட்டுக்கடலை டப்பா ஒன்று நிரந்தரமாக இருக்கிறது.

எனக்கு என்ன என்று விளக்கியபோது மாமியார் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அதனாலதான் பால் பொங்குதா?" ஆமாம் அத்தை என்றேன். அதற்குப் பிறகு காலைப் பாலை அவரே பார்த்துக்கொள்கிறார். எந்தச் சிறப்பு மருத்துவரும் எனக்கு இவ்வளவு பெரிய உதவி செய்ததில்லை.

*"மகன் 9ஆம் வகுப்பு. அடுத்த வருடம் பொதுத்தேர்வு. மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கினால் ஆட்டிசம், ஏடிஹெச்டி இரண்டுக்கும் சேர்த்துக் கிடைக்குமா?"*
– ஒரு தந்தை, தூத்துக்குடி

கிடைக்காது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகள் உண்டு. ஆட்டிசம் இருக்கிறது, கற்றல் குறைபாடு இருக்கிறது, ஏடிஹெச்டி தனியாக இல்லை. சட்டத்தின் கண்ணில் என்னில் பாதிப் பேர்தான் குடிமகள். ஆட்டிசத்தை ஐசா என்ற இந்திய அளவுகோலில் அளப்பார்கள். 40 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டினால் 70க்குக் கீழே வந்தால் ஆட்டிசம் இல்லை என்று கணக்கு. பேச்சு நன்றாக வரும் பிள்ளைகள் அங்கே நழுவிவிடுவதுண்டு. அதனால் வீட்டில் என்ன நடக்கிறது, பள்ளியில் என்ன நடக்கிறது என்று எழுதிக்கொண்டு போங்கள். நான் போனபோது ஓர் அலுவலகத்தில் "நல்லாத்தானே பேசுறீங்கம்மா" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். நன்றாகப் பேசியதற்காக அன்று சாயங்காலம் முழுக்க இருட்டறையில் படுத்திருந்தேன். அது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

சான்றிதழில் குறைபாடு 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று வந்தால், மத்திய அரசின் வழிகாட்டுதல்படி எழுத்துத் தேர்வில் மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு. மூன்று மணித் தேர்வுக்கு ஒரு மணி நேரம். மாநிலத் தேர்வுத் துறைக்குத் தனி விண்ணப்பம் இருக்கும், தலைமை ஆசிரியர் வழியாகப் போக வேண்டும், கடைசி மாதம்வரை தள்ளிப்போடாதீர்கள். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய்வரை உண்டு. சென்னைப் பக்கம் வர முடிந்தால் முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது, மதிப்பீடு, பயிற்சி இரண்டும் அங்கே உண்டு.

*"அக்கா, எனக்கு 27 வயது. பெங்களூரில் ஐடி வேலை. போன வருடம்தான் இரண்டும் இருப்பது தெரிந்தது. அலுவலகத்தில் சிரித்துச் சிரித்துச் சமாளித்துவிட்டு அறைக்கு வந்தால் செருப்பைக்கூடக் கழற்றாமல் படுத்துவிடுகிறேன். வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். சொல்லணுமா? கல்யாண மண்டபத்தை நினைத்தாலே இப்பவே வயிற்றைக் கலக்குகிறது."*
– தங்கை, ஊர் வேண்டாம் என்கிறாள்

தங்கை, மண்டபத்தில் இருந்து ஆரம்பிக்கிறேன். என் சித்தி மகன் கல்யாணம், எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது இருக்கும். முந்தின நாள் மாலையே மெல்லிசைக் கச்சேரி, மேடை ஓரத்தில் ஆள் உயர ஒலிபெருக்கி. மறுநாள் தவில், நாகஸ்வரம், புகை, பட்டுப்புடவை ஜரிகை கழுத்தில் அறுக்கிறது, யார் யாரோ கன்னத்தைத் தொட்டு "என்னைத் தெரியுதா" என்கிறார்கள். கெட்டிமேளம் முழங்கியதும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். பெரியம்மா அதைப் பார்த்து, ஆனந்தத்தில் அழுகிறேன் என்று நினைத்து என்னைக் கட்டிப் பிடித்தார். பிடியிலிருந்து நழுவிப் பின்கட்டுக்கு ஓடினேன்.

அங்கே சாமான் அறையில் ஒரு ஆச்சி தாம்பூலப் பை போட்டுக்கொண்டிருந்தார். தேங்காய், இரண்டு வெற்றிலை, பாக்குப் பொட்டலம், சின்ன மஞ்சள் குங்குமப் பொட்டலம். தேங்காய் அடியில், வெற்றிலை காம்பு மேலே. "நிக்காத, உக்காந்து போடு" என்றார். போட்டேன். கை ஓடிக்கொண்டே இருக்கிறது, வரிசை மாறவே இல்லை, பேச வேண்டாம், சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம். முந்நூறு பை. என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்த கல்யாணம் அது ஒன்றுதான். அன்றிலிருந்து எந்த விசேஷத்துக்குப் போனாலும் முதலில் வேலை ஒன்றைக் கேட்டு வாங்கிவிடுவேன். "பாவம், எவ்வளவு பொறுப்பு" என்று நல்ல பேர் வேறு. உன் கல்யாணத்தில் உனக்குப் பை போடக் கிடைக்காது, உண்மைதான். கச்சேரி வேண்டாம், மதியம் ஒரு மணி நேரம் மணமகள் அறையைத் தாழ் போட்டுக்கொள்வேன் என்ற இரண்டையும் நிச்சயத்தின்போதே சொல்லிவிடு. காரணம் கேட்டால் தலைவலி என்று சொல். தலைவலியை எல்லாச் சொந்தமும் மதிக்கும்.

சொல்லணுமா என்றால், மாப்பிள்ளையிடம் சொல்லணும் என்பது என் கட்சி. பேச்சு முடிவாவதற்கு முன்னால், நீயே, அவரிடம் மட்டும். சம்பந்தி வீட்டுக் கூடத்தில் அறிவிக்க வேண்டியதில்லை. நோயின் பெயரில் ஆரம்பிக்காதே. பெயரைச் சொன்னதும் அவர் செல்ஃபோனில் தேடி, உனக்குச் சம்பந்தமே இல்லாத பத்து விஷயம் படித்துவிடுவார். "அலுவலகம் விட்டு வந்தால் ஒரு மணி நேரம் எனக்குப் பேச வராது" என்று ஆரம்பி. பெயரை அப்புறம் சொல்.

எனக்குச் சொல்லும் வாய்ப்பு கல்யாணத்துக்கு முன்னால் இல்லை, எனக்கே தெரியாதே. கல்யாணமாகிப் பதினான்கு வருடம் கழித்து, மருத்துவர் எழுதிய தாளைக் கணவரிடம் நீட்டினேன். இரண்டு தடவை படித்தார். மடித்தார். "அப்ப சாயங்காலம் நீ பேசாம இருக்கிறது என்மேல கோபத்துல இல்லையா?" என்றார். பதினான்கு வருடமாக அந்த மனிதர் தினமும் மாலை ஆறரை மணிக்குத் தான் என்ன தப்புச் செய்தோம் என்று யோசித்துக்கொண்டு இருந்திருக்கிறார். இதற்காகத்தான் சொல்லணும் என்கிறேன், தங்கை.

*"34 வருடம் தொடக்கப் பள்ளி ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். 1980களில் ஒரு பையன். ஒரு இடத்தில் உட்கார மாட்டான். பெஞ்சை மாற்றி உட்காரவைத்தால் கத்துவான். அவனைப் பெஞ்சுமேல் நிற்கவைக்காத நாளே கிடையாது. நீங்கள் எழுதிய ஒரு வரியைப் படித்த பிறகு அவன் முகம் வருகிறது."*
– 71 வயது வாசகர், கும்பகோணம்

ஐயா, அன்று உங்களுக்கு அதைச் சொல்லித் தர யாரும் இருக்கவில்லை. ஆசிரியர் பயிற்சியில் ஆட்டிசம் என்ற சொல்லே உங்கள் காதில் விழுந்திருக்காது. அந்தப் பையனுக்கு என்ன இருந்தது என்று இங்கிருந்து நான் சொல்ல முடியாது. நீங்கள் செய்தது பரவாயில்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். அது அவன் சொல்ல வேண்டியது. ஊர் தெரிந்திருந்தால் விசாரித்துப் பாருங்கள், இப்போது அவருக்கு ஐம்பது வயதை ஒட்டி இருக்கும்.

எனக்கும் ஐந்தாம் வகுப்பில் பெஞ்சுதான். ஆடி மாதத்துக்குப் பிறகு புதிதாக ஒரு டீச்சர் மாற்றலாகி வந்தார். இரண்டு நாள் என்னைப் பார்த்தார். மூன்றாம் நாள் பள்ளிக்கூட மணியை என்னிடம் ஒப்படைத்தார். மணி என்றால் வேப்பமரத்தில் கம்பி கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு, அடிக்க ஓர் இரும்புக் கம்பி. தலைமை ஆசிரியர் அறைச் சுவர்க்கடிகாரத்தைப் பார்க்க வேண்டும், ஓட வேண்டும், அடிக்க வேண்டும், திரும்பி வர வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்பது தடவை. மற்றவர் அடித்தால் அந்தச் சத்தம் எனக்கு ஆகவே ஆகாது. நானே அடித்தால் ஆகும். எந்த நொடியில் வரப்போகிறது என்று எனக்குத்தானே தெரியும்?

அந்த வருடம் முழுக்க ஒரு மணிகூடத் தாமதமாக அடித்ததில்லை. ஒரே ஒரு நாள் கடைசி மணியைப் பத்து நிமிடம் முன்னதாக அடித்துவிட்டேன். மேற்கே கருத்துக்கொண்டு வந்தது, மாடியில் எங்கள் வீட்டு வற்றல் காய்ந்துகொண்டிருந்தது.